வான் சீற் சாய்வதற்கு என்ன பொறி போடலாம்?

கேள்வி இதுதான். கொக்குவில் பக்கம் குசன் வேலைத்தளம் வைத்திருக்கும் தம்பி ஒருவர், இரவில் கொழும்புக்கு ஓடும் வான் ஒன்றுக்குப் புதுச் சீற் அடித்துக் கொடுக்கிறார். இப்போது உள்ளவை நிமிர்ந்த, அசையாத சீற்றுகள். சாய்த்துப் படுக்கக்கூடியதாக வேண்டும் என்கிறார் வான் உரிமையாளர். ஆறு மில்லிமீற்றர் தகட்டில் பல் வெட்டி, அதற்குள் ஒரு கட்டையை ஸ்பிரிங்கால் அழுத்திவிட்டு, எல்லாவற்றையும் சட்டத்தோடு வெல்டிங் பிடித்தால் போதுமா? எத்தனை பாகை சாய விடலாம்? எவ்வளவு விசைக்குக் கணக்குப் போட வேண்டும்?

தம்பி, வெட்டுவதற்கு முன் கேட்டீர்களே, அது நல்லது. நான் பதினாறு வருடம் ஜேர்மனியில் கார் சீற்றுக்குப் பாகங்கள் செய்யும் ஆலையில் வேலை செய்தவன். அதில் ஒன்பது வருடம் சாய்மானப் பொறிப் பகுதியில்தான் நின்றேன். இப்போது ஊரில் இருக்கிறேன். தெரிந்ததை முழுதாகச் சொல்கிறேன், பொறுமையாக வாசியுங்கள்.

சாய்மானப் பொறி என்றதும் எல்லாரும் சாய்வதைப் பற்றித்தான் யோசிப்பார்கள். சாய்வதற்கு இரண்டு போல்ற் போதும், கதவுப் பிணைச்சலே அந்த வேலையைச் செய்துவிடும். பிடித்து நிறுத்துவதுதான் பொறியின் உண்மையான வேலை. ஆள் கேட்டால் மட்டும் திறக்க வேண்டும், கேட்காத நேரத்தில் வான் குப்புறப் புரண்டாலும் திறக்கக் கூடாது. ஆகவே இதை ஒரு பூட்டாக நினைத்து வரையத் தொடங்குங்கள்.

துணி போட்ட பழைய மடக்குச் சாய்மனைக் கதிரை வீட்டு விறாந்தையில் இருந்தால் ஒரு தடவை குனிந்து பாருங்கள். பின்சட்டத்தைத் தாங்கும் குறுக்குக் கட்டை, கீழ்ச்சட்டத்தில் வெட்டிய மூன்று நாலு காடிகளில் ஒன்றுக்குள் போய் இருக்கும். எங்கள் அப்புவின் கதிரையில் அந்தக் காடிகள் நேராக வெட்டப்பட்டிருக்கவில்லை. பின்சுவர் உள்நோக்கிச் சரிந்திருந்தது. ஆள் சாயச் சாயக் கட்டை காடிக்குள் இன்னும் ஆழமாக இறங்கும். பாரம் கூடக் கூடப் பூட்டு இறுக வேண்டும் என்ற விதியை அந்தத் தச்சர் அறிந்திருந்தார். உங்கள் தகட்டுப் பல்லில் நான் முதலில் பார்ப்பதும் அந்தச் சரிவைத்தான்.

வழக்கமாக வெட்டும் பல் முக்கோண வடிவம். முதுகில் பாரம் விழும்போது அந்தச் சரிந்த பக்கம் பூட்டுக்கட்டையை வெளியே தள்ளப் பார்க்கும். தள்ளாமல் பிடிப்பது உராய்வு மட்டுமே. கிறீஸ் பட்ட உருக்கில் உராய்வுக் குணகம் 0.1 அளவில் நிற்கும். அதற்குரிய கோணம் ஆறு பாகைக்கும் சற்றுக் குறைவு. 0.15 என்று தாராளமாக எடுத்தாலும் எட்டரைப் பாகைதான். உங்கள் பல்லின் பக்கம் அதைவிடச் சரிந்திருந்தால் கட்டையை உள்ளே வைத்திருப்பது ஸ்பிரிங்கின் தயவு. ஆலைகளில் ஸ்பிரிங்கை நம்பி யாரும் விடுவதில்லை. கட்டைக்குப் பின்னால் ஒரு கேம், அதாவது திருப்பும்போது மற்றதைத் தள்ளும் மேடான துண்டு, வந்து நிற்கும். லீவரைத் தூக்கினால் முதலில் கேம் விலகும், அதற்குப் பிறகுதான் கட்டைக்கு விலக இடம் கிடைக்கும். லீவரை விட்டால் ஸ்பிரிங் கேமைத் திருப்பும், கேம் கட்டையை முண்டுகொடுத்துப் பிடிக்கும். எவ்வளவு தள்ளினாலும் கட்டை போவதற்கு வழியில்லை.

இனி வகைகளைப் பார்ப்போம். இன்று ஓடும் வாகனங்களில் பெரும்பாலும் நாலு விதம் காண்பீர்கள்.

முதலாவது லீவர் வகை. நான் இப்போது சொன்ன பல்லும் கட்டையும்தான். புதிய கார்களில் இது வட்டமான ஒரு டப்பாவுக்குள் அடங்கியிருக்கும். உள்ளே சுற்றிவரப் பல், இரண்டு அல்லது மூன்று நாலு கட்டைகள், நடுவில் கேம். ஒரு பல்லுக்கு இரண்டு பாகை அளவில் நகரும். வேகமாகச் சாய்க்கலாம், விலை குறைவு, இருட்டிலும் கை தானாகத் தேடிப் பிடிக்கும்.

இரண்டாவது, பக்கத்தில் உள்ள குமிழைத் திருகித் திருகிச் சாய்க்கும் வகை. ஐரோப்பியக் கார்களில் அதிகம் பார்த்திருப்பீர்கள். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். அந்த ஒன்பது வருடத்தில் பாதியை இதற்குத்தான் கொடுத்தேன். உட்பக்கம் பல் உள்ள வளையம் ஒன்று, அதற்குள் வெளிப்பக்கம் பல் உள்ள சில்லு ஒன்று. சில்லுக்கு வளையத்தை விட ஒரு பல் குறைவு. நடுவில் மையம் விலகிய தண்டு இருக்கும். அதைத் திருப்பும்போது சில்லு வளையத்துக்குள் தள்ளாடித் தள்ளாடி உருளும். தண்டு ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் முதுகு ஒரு பல் அளவுதான் நகரும். வளையத்தில் 34, சில்லில் 33 பல் என்று வையுங்கள். ஒரு சுற்றுக்குப் பத்தரைப் பாகையிலிருந்து பதினொரு பாகைக்குள் வரும். முதுகிலிருந்து வரும் விசையால் அந்தத் தண்டைத் திருப்பிவிட முடியாது, ஏனென்றால் விலகல் மிகச் சிறியது, உராய்வு அதை வென்றுவிடுகிறது. எந்த இடத்திலும் பல் முழுமையாகக் கடித்தபடியே இருக்கும். பாதிப் பூட்டு என்ற பயமே இதில் இல்லை. ஆனால் ஆசனம் ஆசனமாக இருளில் ஆட்கள் மாறி மாறி ஏறும் வானுக்கு இது சரிவராது. கதவோரமும் அடுத்த சீற்றும் நெருக்கமாக இருக்கும்போது குமிழைத் திருகக் கை போகாது.

மூன்றாவது மோட்டார் வகை. உள்ளே அநேகமாக அதே தள்ளாடும் பற்சில்லுதான், கையின் இடத்தில் மோட்டார். உங்கள் வேலைக்குத் தேவையில்லை.

நாலாவதுதான் சொகுசு பஸ்களில் இருப்பது. இதில் சுழலும் இடத்தில் பூட்டே கிடையாது. இரண்டு பக்கமும் வெறும் அச்சு. முதுகுச் சட்டத்திலிருந்து கீழே ஒரு கை நீண்டிருக்கும், அந்தக் கைக்கும் இருக்கைச் சட்டத்துக்கும் இடையில் நீளம் மாறும் தண்டு ஒன்று. பொத்தானை அழுத்தினால் தண்டு நீளும் அல்லது சுருங்கும், விட்டால் அந்த இடத்திலேயே நிற்கும். இந்தத் தண்டு இரண்டு மாதிரி வரும். ஒன்று வாயு அடைத்த உருளை, நடுவில் வால்வு. மற்றது வெறும் ஸ்பிரிங் பூட்டு: வழவழப்பான தண்டைச் சுற்றி, அதைவிட ஒரு மயிரிழை சிறிய உள்விட்டத்தில் இறுகச் சுற்றிய சுருள். பொத்தான் சுருளின் நுனியை நெகிழ்த்தும், தண்டு வழுக்கும். விட்டால் கவ்வும். குருநகரில் வள்ளத்தைக் கரையில் கட்டி நிறுத்துகிறவர்களைப் பாருங்கள். கயிற்றை முளையில் மூன்று சுற்றுப் போட்டபின் நுனியை ஒரு விரலால் பிடித்தால் போதும், வள்ளம் இழுக்க இழுக்கக் கயிறு முளையை இறுக்கும். அதே விதிதான் இங்கும்.

உங்கள் வானுக்கு இந்த நாலாவது வகையில், ஸ்பிரிங் பூட்டு உள்ளதைத்தான் நான் சொல்வேன். வெளியே தெரியும் பல் இல்லை, பாதிக் கடிப்பு இல்லை, பழுதானால் இரண்டு போல்ற் கழற்றி மாற்றிவிடலாம். வாயு உருளையும் கெட்டதல்ல. ஆனால் மதியம் வெயிலில் கண்ணாடி பூட்டி நிற்கும் வானுக்குள் சூடு 60 பாகை செல்சியஸ் வரை போகும் என்று வைத்தால், 25 பாகையில் இருந்த வாயு அமுக்கம் கிட்டத்தட்ட 12 வீதம் கூடிவிடும். சீல் தேயத் தேய வாயுவும் குறையும். ஒருநாள் முதுகு நிமிர மறுக்கும். எதை வாங்கினாலும் கடைக்காரரிடம் ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்: இழுக்கும் திசையில் எவ்வளவு தாங்கும், அமுக்கும் திசையில் எவ்வளவு தாங்கும்? வாயு உருளைகளில் ஒரு திசையில் மட்டும் விறைப்பாகப் பூட்டி, மறு திசையில் ஸ்பிரிங் போல விட்டுக்கொடுப்பவை இருக்கின்றன. காகிதத்தில் எழுதித் தராத சரக்கை வாங்க வேண்டாம்.

நீங்களே பல் வெட்ட வேண்டாம் என்று இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் கொழும்பிலிருந்து குடும்பமாக இரவு வானில் வந்தோம். முறிகண்டியில் இறங்கிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, தேத்தண்ணி குடித்துவிட்டு ஏறினோம். எனக்கு முன்சீற்றில் இருந்த அம்மா சீற்றைச் சாய்த்தார். லீவர் திரும்பியது, ஆனால் பல் விழும் 'டக்' சத்தம் எனக்குக் கேட்கவில்லை. தொழில் பழக்கத்தில் காது அதைத் தேடியது. அரைத் தூக்கத்தில் நான் ஒன்றும் சொல்லவில்லை. பத்து நிமிடத்தில் மாடு ஒன்று குறுக்கே வந்தது. சாரதி பிறேக்கை அமத்தினார். அந்த அம்மா முன்னால் போய்த் திரும்பி முதுகில் மோதிய கணத்தில் சீற் அப்படியே பின்னால் விழுந்தது. என் மகள் என் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தாள். மேற்சட்டம் அவளுடைய நெற்றிக்கு நாலு விரல் தள்ளி என் முழங்காலில் வந்து நின்றது.

விடிந்த பிறகு சாரதியிடம் கேட்டு அந்தச் சீற்றைக் கழற்றிப் பார்த்தேன். காஸ் கட்டரால் வெட்டிய மெல்லுருக்குத் தகடு. பல்லின் நுனிகள் தேய்ந்து மொட்டையாகி இருந்தன. கட்டையின் நுனி பல்லின் நுனியில் ஏறி உட்கார்ந்துவிட்டது, பள்ளத்துக்குள் விழவில்லை. லீவர் மட்டும் பூட்டிய இடத்துக்கே திரும்பியிருந்தது. அதுதான் என்னை உலுக்கியது. பூட்டாமலே பூட்டியது போலக் காட்டும் பொறியைவிட, சாயாத சீற் ஆயிரம் மடங்கு பாதுகாப்பானது. பூட்டு முழுதாக விழாவிட்டால் லீவர் திரும்பி வரவே கூடாது. லீவரும் கட்டையும் இடைவெளி விடாமல் ஒன்றோடொன்று பிணைந்திருந்தால் இது தானாகவே நடக்கும்.

பல் தேயாமல் இருக்க மேற்பரப்பை வன்மையாக்க வேண்டும். ஆலையில் குறைந்த கரியுள்ள உருக்கை வெட்டி, கரியேற்றிச் சூடாக்கி, எண்ணெயில் தோய்ப்பார்கள். வெளித்தோல் வன்மையாகும், உள்ளே மெத்தென்று இழுபடும். அந்தப் பாகத்துக்குப் பக்கத்தில் நீங்கள் வெல்டிங் பிடித்தால் அந்த வேலை முழுவதும் வீண். சூடு பட்ட இடத்தில் வன்மை போகும், கோணலும் வரும். ஜப்பானிலிருந்து வரும் றீக்கண்டிஷன் வானிலிருந்து கழற்றிய நல்ல சாய்மானப் பொறியை வாங்கி, அதைப் புதுச் சட்டத்தில் வெல்டிங் பிடித்து நாசமாக்குவதை இங்கே அடிக்கடி பார்க்கிறேன். மனம் வலிக்கிறது. அது எந்தச் சட்டத்தோடு வந்ததோ அந்தச் சட்டத்தோடு சேர்த்து வாங்குங்கள், அல்லது போல்ற் போட்டு இணையுங்கள். மோதிய வாகனத்திலிருந்து கழற்றியதை விலை சும்மா என்றாலும் தொட வேண்டாம். உள்ளே பல் வெடித்திருந்தால் கண்ணுக்குத் தெரியாது.

சரி, கணக்குக்கு வருவோம். ஐக்கிய நாடுகளின் 17ஆம் இலக்க வாகன ஒழுங்குவிதி, சீற்றின் முதுகு பின்னோக்கி 530 நியூட்டன் மீற்றர் திருப்பத்தைத் தாங்க வேண்டும் என்கிறது. அந்தத் திருப்பம் இடுப்பு மூட்டு இருக்கும் புள்ளியைச் சுற்றிக் கணக்கிடப்படும். அமெரிக்காவின் 207ஆம் இலக்கத் தரத்தில் அது 373தான். 530ஐக் குறைந்தபட்சமாக எடுங்கள். குறைந்தபட்சம் என்று ஏன் சொல்கிறேன் என்றால், 75 கிலோ ஆளின் இடுப்புக்கு மேல் 50 கிலோ அளவு இருக்கும். பின்னாலிருந்து லொறி ஒன்று அடித்து, அந்த 50 கிலோ புவியீர்ப்பைப் போலப் பத்து மடங்கு ஆர்முடுகலோடு முதுகில் சாய்ந்தால் 4,900 நியூட்டன். அது இடுப்பிலிருந்து 30 சென்ரிமீற்றர் உயரத்தில் அழுத்தினால் 1,470 நியூட்டன் மீற்றர். விதி கேட்பதைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. நல்ல கார் செய்பவர்கள் விதியின் எண்ணோடு நிற்காததற்கு இதுதான் காரணம்.

இப்போது அந்த 530 உங்கள் பாகத்தில் என்ன செய்யும் என்று பாருங்கள். உங்கள் பற்தகட்டில் பல் இருக்கும் ஆரை 40 மில்லிமீற்றர் என்று வையுங்கள். ஒரு பக்கம் மட்டும் பூட்டு என்றால் 530ஐ 0.04ஆல் பிரிக்க 13,250 நியூட்டன், கிட்டத்தட்ட 1,350 கிலோ, ஒரே கட்டையில். நாலு பல் ஒன்றாகக் கடிக்கிறது என்று வரைபடத்தில் காட்டுவீர்கள். கையால் வெட்டிய பல்லில் உண்மையாகக் கடிப்பது ஒன்று அல்லது இரண்டு. இதே திருப்பம் பஸ் வகைத் தண்டுக்கு, கை 100 மில்லிமீற்றர் நீளம் என்றால் 5,300 நியூட்டனாகக் குறைகிறது. கையை 60 மில்லிமீற்றராகக் குறுக்கினால் 8,800க்கு ஏறிவிடும். அதனால் கீழே இடம் இருக்கும் மட்டும் கையை நீளமாக வையுங்கள். 100 மில்லிமீற்றர் கைக்கு 15 பாகை சாய்வுக்குத் தண்டின் ஓட்டம் 26 மில்லிமீற்றர்தான் வேண்டும், அதைத் தராத தண்டே கிடையாது.

அநேகர் போல்ற் முறியும் என்று பயந்து பெரிய போல்ற்றாகப் போடுகிறார்கள். முறிவது போல்ற் அல்ல. 50 மில்லிமீற்றர் இடைவெளியில் இரண்டு போல்ற், அவையே 530ஐயும் தாங்குகின்றன என்றால் ஒவ்வொன்றிலும் 10,600 நியூட்டன். தலையில் 8.8 என்று பொறித்த 10 மில்லிமீற்றர் போல்ற் அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் தாங்கும். ஆனால் அது போகும் தகடு 2 மில்லிமீற்றர் என்றால், துளையின் ஓரத்தில் தகைப்பு சதுர மில்லிமீற்றருக்கு 530 நியூட்டன். மெல்லுருக்கு 250 அளவிலேயே இளகத் தொடங்கும். துளை நீள்வட்டமாகும், சீற் ஆடத் தொடங்கும், பிறகு ஒருநாள் கிழியும். துளையைச் சுற்றி மொத்தம் 5 மில்லிமீற்றர் வரும்படி பின்தகடு வையுங்கள், 212க்கு இறங்கிவிடும். போல்ற்றை விடத் தகட்டில் காசைப் போடுங்கள்.

தண்டு ஒரு பக்கத்தில்தான் வரும், இல்லையா? அப்படியானால் மறுபக்கம் முதுகு முறுகும். இரண்டு பக்கச் சட்டத்தையும் கீழே ஒரு வட்டக் குழாயால் இணையுங்கள். முறுக்கத்தைத் தாங்குவதில் வட்டக் குழாய்க்கு நிகர் இல்லை. நாற்பது மில்லிமீற்றர் விட்டம், 2 மில்லிமீற்றர் சுவர் என்று தொடங்கிச் சோதித்துப் பாருங்கள். லீவர் வகையை இரண்டு பக்கமும் போடுவதென்றால் இன்னொரு சிக்கல்: இரண்டும் ஒரே பல்லில் விழ வேண்டும். ஒரு பக்கம் ஒரு பல் பிந்தினால் இரண்டு பாகை முறுக்கு எப்போதும் சட்டத்தில் நிற்கும். இரண்டையும் ஒரே தண்டு திருப்பினால் பிரச்சினை இல்லை, கேபிள் போட்டால் கேபிளின் நெகிழ்வை இரண்டு பக்கமும் சமமாக இழுத்துக் கட்ட வேண்டும்.

ஆட்டத்தையும் குறைத்து நினைக்காதீர்கள். சுழலும் இடத்தில் 0.3 பாகை இடைவெளி ஒன்றுமில்லை போலத் தெரியும். 650 மில்லிமீற்றர் மேலே, தலை வைக்கும் இடத்தில், அது 3.4 மில்லிமீற்றர் ஆகிறது. ஏ9 வீதியில் ஒரு இரவு முழுக்க அந்த மூன்றரை மில்லிமீற்றர் கடகடவென்று அடித்துக்கொண்டே வந்தால் பயணிக்கும் தூக்கமில்லை, துளைக்கும் ஆயுளில்லை. அச்சைச் சுற்றி வெண்கலப் புஷ், அதாவது துளைக்குள் இறுக்கும் குழல், போடுங்கள்.

சாய்வின் அளவைத் தீர்மானிப்பது பின்னால் இருப்பவரின் முழங்கால். சீற் வடிவமைக்கிறவர்கள் பயன்படுத்தும் அளவுப் பொம்மைக்கு, வேறு அளவு சொல்லாவிட்டால், முதுகு நிலைக்குத்திலிருந்து 25 பாகை சாய்ந்திருக்கும். பயணிகள் வானில் 20 பாகையில் தொடங்கலாம். முதுகின் உயரம் 700 மில்லிமீற்றர் என்றால் 20இலிருந்து 30 பாகைக்குச் சாயும்போது மேல்விளிம்பு 111 மில்லிமீற்றர் பின்னால் போகும். 35 பாகை என்றால் 162, ஆறு அங்குலத்துக்கும் மேல். வரிசைகளுக்கிடையில் அந்த ஆறு அங்குலம் உங்கள் வானில் இருக்கிறதா? அளந்து பாருங்கள். இல்லாவிட்டால் 30 பாகையில் இரும்பு முட்டு ஒன்றைப் போட்டு நிறுத்துங்கள். தண்டின் ஓட்டம் முடிவதை முட்டாகப் பயன்படுத்த வேண்டாம், ஒவ்வொரு தடவையும் அடி அதன் உட்பாகத்தில்தான் விழும். கதவுக்கும் அவசர வழிக்கும் முன்னால் இருக்கும் சீற் சாயவே கூடாது, உரிமையாளர் எவ்வளவு கேட்டாலும்.

அதிகம் சாய்ப்பதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. ஆள் மல்லாந்து கிடக்கும்போது தோள்பட்டி மார்பை விட்டு விலகி நிற்கும், இடுப்புப் பட்டி எலும்பிலிருந்து வயிற்றுக்கு ஏறும். மோதினால் ஆள் பட்டிக்குக் கீழால் வழுக்கிப் போவார், பட்டி குடலை நசுக்கும். அதைக் குறைக்க இருக்கைப் பகுதியின் முன்பக்கத்தைச் சற்று உயர்த்துங்கள், நுரைக்குக் கீழே முன்னோரமாக ஒரு குறுக்குக் குழாயும் வையுங்கள். பட்டியை முதுகுச் சட்டத்தில் கட்டலாமா என்று அடுத்ததாகக் கேட்பீர்கள். வேண்டாம். பட்டி நங்கூரங்களுக்கான 14ஆம் இலக்க ஒழுங்குவிதி காரின் தோள்பட்டியை 13,500 நியூட்டனால் இழுத்துச் சோதிக்கிறது. அதில் பாதி மட்டும் 60 சென்ரிமீற்றர் உயரத்தில் முதுகுக்கு வந்தாலே 4,050 நியூட்டன் மீற்றர், நாம் மேலே பார்த்த 530ஐப் போல ஏழரை மடங்கு. உங்கள் சட்டமோ நான் சொன்ன தண்டோ அதற்குச் செய்யப்பட்டதல்ல. பட்டியை வானின் உடலில், அதற்கென்று உள்ள துளைகளில் கட்டுங்கள்.

பட்டி போடாத பின்வரிசை ஆட்களை மறக்கக் கூடாது, நம் ஊரில் அவர்கள்தான் பெரும்பான்மை. மோதும்போது அவர்கள் முன்சீற்றின் முதுகில்தான் வந்து விழுவார்கள். பஸ் சீற்றுகளுக்கான 80ஆம் இலக்க ஒழுங்குவிதி இதை மனதில் வைத்தே 30 கிலோமீற்றர் வேகத்தில் மோதிச் சோதிக்கிறது. 70 கிலோ ஆள் அந்த வேகத்தில் சுமக்கும் சக்தி ஏறத்தாழ 2,400 யூல். அதை முதுகுச் சட்டம் வளைந்து உள்வாங்க வேண்டும். பூட்டு உடைந்து சட்டென்று விடவும் கூடாது, கல் போல நின்று ஆளின் முகத்தை உடைக்கவும் கூடாது. முதுகின் பின்பக்கத்தில் கூரான விளிம்பு, நீட்டிய போல்ற், இரும்புக் கைப்பிடி எதுவும் வெளியே தெரியக் கூடாது. மேற்குழாயில் தடித்த நுரை சுற்றுங்கள். இதற்குச் செலவு அதிகமில்லை.

அச்சை எங்கே வைப்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மனிதன் மடிவது இடுப்பு மூட்டில். சீற் மடிவது அதற்குப் பின்னால், கீழே. இரண்டுக்கும் 80 மில்லிமீற்றர் இடைவெளி இருந்து முதுகு 20 பாகை சாய்ந்தால், முதுகுத்துணி ஆளின் முதுகோடு 28 மில்லிமீற்றர் உரசும். சேட் மேலே ஏறி இடுப்பு வெறுமையாவது அதனால்தான். அச்சை இடுப்புக்கு எவ்வளவு கிட்டக் கொண்டுவருகிறீர்களோ அவ்வளவு சுகம். ஆனால் மிக மேலே கொண்டுவந்தால் பக்கத்து ஆளின் இடுப்பில் இரும்பு இடிக்கும். குசனை ஆள் இருந்து அமுங்கிய பிறகு அளவெடுங்கள், வெறும் குசனில் அளந்தால் தவறிவிடும்.

நிமிர்த்தும் ஸ்பிரிங்குக்குச் சின்னக் கணக்கு. முதுகு 8 கிலோ, அதன் ஈர்ப்பு மையம் அச்சிலிருந்து 30 சென்ரிமீற்றர் என்றால், 25 பாகையில் அதைத் தூக்க 10 நியூட்டன் மீற்றர் போதும். அதைவிடச் சற்றுக் கூடுதலாகப் போடுங்கள். அளவுக்கு மிஞ்சினால் ஆள் இல்லாத நேரத்தில் பொத்தானை அமத்தியதும் முதுகு பாய்ந்து வந்து குழந்தையின் முகத்தில் அடிக்கும். கைவிரல் போகக்கூடிய இடுக்குகளை மூடிவிடுங்கள்.

நம் ஊரின் காற்றையும் மண்ணையும் சேர்த்து யோசிக்க வேண்டும். ஆனையிறவைத் தினமும் இரண்டு தரம் கடக்கும் வானுக்குள் உப்புக் காற்று வராமல் இருக்காது. கோண்டாவில், சுன்னாகம் பக்கத்துச் செம்பாட்டு மண் செருப்போடு ஏறிக் கிறீஸில் ஒட்டிக்கொண்டால் அரத்தூள் போல வேலை செய்யும். அதனால் திறந்த பாகத்தில் கிறீஸை அப்பிவிட வேண்டாம், புஷ்ஷுக்குள் மட்டும் கொஞ்சம். நாகமுலாம் பூசக் கொடுப்பதென்றால் வன்மையாக்கிய பாகங்களைத் தனியாகச் சொல்லிக் கொடுங்கள். முலாம் ஏறும்போது ஐதரசன் உருக்குக்குள் புகுந்து அதை நொறுங்கும்படி ஆக்கிவிடும். பூசிய கையோடு 200 பாகை செல்சியஸ் அளவில் சில மணி நேரம் சூட்டில் வைத்தால் அது வெளியேறும். இதைச் செய்யாமல் வந்த ஸ்பிரிங், பாரமே இல்லாமல் ஒருநாள் தானாக முறிந்து கிடக்கும்.

முதல் சீற் செய்து முடிந்ததும் வானில் ஏற்றாதீர்கள். வேலைத்தளத்து நிலத்தில் போல்ற் போட்டு இறுக்குங்கள். முதுகைப் பூட்டி, அச்சிலிருந்து 65 சென்ரிமீற்றர் உயரத்தில் ஒரு பட்டியைச் சுற்றி, சங்கிலிப் புளொக்கால் பின்னோக்கிக் கிடையாக இழுங்கள். நடுவில் கொழுக்கித் தராசு ஒன்றைக் கோர்த்துவிடுங்கள். தராசு 83 கிலோ காட்டும்போது நீங்கள் 530 நியூட்டன் மீற்றரில் நிற்கிறீர்கள். அங்கேயே நிறுத்த வேண்டாம், 160 வரை போங்கள், பக்கத்தில் யாரையும் நிற்க விடாமல். விட்டதும் இரண்டு விஷயம் பாருங்கள்: முதுகு எவ்வளவு திரும்பி வரவில்லை, பொத்தான் முன்போலத் திறக்கிறதா. பிறகு முன்னோக்கியும் அதே மாதிரி இழுங்கள்.

அது முடிந்தால் ஒரு பொடியனை இருத்தி, சாய்க்கவும் நிமிர்த்தவும் சொல்லி எண்ணுங்கள். நாளுக்கு நாலு தடவை, வருடத்துக்கு 300 நாள், எட்டு வருடம் என்றால் 9,600 தடவை. கையால் அவ்வளவு முடியாது, வைப்பர் மோட்டார் ஒன்றைப் பூட்டி இரவு பகலாக ஓட விடுங்கள். ஆயிரத்துக்கு ஒரு தடவை நிறுத்தித் துளைகளின் விட்டத்தை அளந்து எழுதுங்கள். அந்த எண்களோடு வாருங்கள், தகட்டின் தடிப்பை அதற்குப் பிறகு தீர்மானிப்போம்.